பெட்டி சொன்னபடி

அந்தப் பக்கம் பார்க்காதீங்க சார். பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். முன்னால, ஜன்னல் ஓரமா, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கானே, அவன்தான். பேரு மாசானம். பக்கத்துல இருக்கிறது அவன் சம்சாரம் பேச்சித்தாய். இந்த பஸ்ஸுல ஏறினப்போ அவன்தான் வழிப்பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் பின்வாசல்ல ஏறினதைப் பார்த்ததும் அந்தம்மா அவனை எழுப்பி ஜன்னல் பக்கம் தள்ளிட்டு, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டா. காத்து வரட்டும்னு நினைச்சிருப்பா. நெஞ்சு நோவு வந்தவனுக்குக் காத்து வேணும்ல.

செத்துப்போன ஆளு சார் அவன். சும்மா சொல்லலை. சந்தை முக்குல, நடுரோட்டுல, பட்டப்பகல்ல. மூச்சு இல்லை, நாடி இல்லை. உதடு நாவப்பழம் மாதிரி ஆயிடுச்சு. நான்தான் திருப்பிக் கொண்டாந்தேன். இந்தக் கையால.

இல்லை, டாக்டர் இல்லை. போலீஸ். ஏட்டு. முப்பிடாதினு பேரு. இன்னைக்கு மஃப்டியில வந்திருக்கேன், சப் கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை.

பையை ஏன் சார் மடியில எடுத்து வைக்கிறீங்க? கீழேயே இருக்கட்டும். நான் இருக்கேன்ல, யாரு எடுக்கப் போறா.

உங்களுக்கு அந்தப் பெட்டியைப் பத்தித் தெரியாது. ரோந்து வண்டியில போன வருஷம் ஒண்ணு கொடுத்தாங்க. டிபன் கேரியர் வைக்கிற கூடை இருக்குமே, அந்த அளவுதான். மஞ்சள் கலர். மாரடைச்சு விழுந்தவனுக்கு மார்ல ரெண்டு ஒட்டுத்தாள் ஒட்டி, அதுவழியா கரண்டு கொடுக்கிறது. நின்ன நெஞ்சு திரும்ப அடிக்கும். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னால போலீஸ் வண்டி போயிடும்ல, அதனால எங்ககிட்ட கொடுத்தாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல பெரிய பேரு இருக்கு. நாங்க பெட்டினுதான் சொல்வோம்.

ஜில்லா ஆபீஸுக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தாங்க. ரப்பர் பொம்மையைப் படுக்கப் போட்டு நெஞ்சை அமுக்கச் சொன்னாங்க. மத்தவங்க எல்லாம் மாவு பிசையற மாதிரி அமுக்கினாங்க. சொல்லிக் கொடுத்த டாக்டரம்மா என்னைக் காட்டி, இவர் கைதான் சரியான கை, இந்த பலம் வேணும்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஜெயசிங், எங்க டிரைவர், அவன் ரொம்பச் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு தெரியலை. எனக்குப் பெருமையா இருந்துச்சு. இத்தனை வருஷ சர்வீஸ்ல என் கையை யாரும் நல்லதுனு சொன்னதில்லை.

அந்தப் பெட்டி பேசும் சார். மூடியைத் திறந்தா ஒரு பொம்பளைக் குரல். தமிழ்லதான். 'அமைதியாக இருங்கள். நோயாளியின் மேலாடையை அகற்றுங்கள்.' அவ்வளவு தன்மையான குரல். கோபமே வராது. நீங்க தப்பாச் செஞ்சாலும் மறுபடியும் அதையே, அதே மாதிரி சொல்லும். சாப்பாட்டு நேரத்துல புளிய மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு ஜெயசிங் தூங்குவான். நான் மூடியைத் திறந்து ஒரு தடவை கேட்டுக்குவேன். பேட்டரி இருக்கானு பார்க்கணும்ல. ஒருநாள் இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சுபோயி, யோவ், அது என்ன ரேடியோவானு திட்டினார். அதுல இருந்து ஸ்டேஷன்ல பயலுக, "ஏட்டையா, இன்னைக்குப் பெட்டி என்ன சொல்லுச்சு? சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சா?"ம்பானுக. கேட்டுச்சுடானு சொல்வேன்.

நான் குவார்ட்டர்ஸ்ல தனியாத்தான் இருக்கேன். சம்சாரம் அவ அண்ணன் வீட்டுல. பொண்ணு படிப்புக்காகப் போனா. பொண்ணு படிப்பு முடிஞ்சு வேலைக்கும் போயிடுச்சு, இவ அங்கேயே பழகிட்டா. எனக்குக் கை நீளும்னு அவ அண்ணன் ஒருமாதிரி பேசுவார். போலீஸ்காரன் வீட்டுல என்ன பூ கட்டிக்கிட்டா இருப்பான். அது வேற கதை, விடுங்க.

அன்னைக்கு என்ன நடந்துச்சுனா, சந்தை நாளு. மாசானம் லோடு ஆட்டோவுல வாழைத்தார் ஏத்திக்கிட்டு வர்றான். வண்டி ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏத்தியிருக்கான், பின்னால வர்றவனுக்கு ரோடே தெரியாது. கை காட்டினேன். தள்ளிப் போயித்தான் நிறுத்தினான். இறங்கச் சொன்னேன், விசாரிச்சேன். பேசிக்கிட்டிருக்கும்போதே பொத்துனு விழுந்துட்டான். அவ்வளவுதான்.

நடிக்கிறானோனு முதல்ல நினைச்சேன். நிறையப் பேர் நடிப்பானுக. எழுந்திருடானு சொன்னேன். அப்புறம் கண்ணைப் பார்த்தேன். நடிக்கிறவன் கண்ணு அப்படி இருக்காது. ஜெயசிங்கைப் பெட்டி எடுத்தாடானு கத்தினேன்.

அதுக்கப்புறம் நான் யாரு என்னனு எனக்கே தெரியாது சார். பெட்டி சொன்னபடி செஞ்சேன். சட்டையை அகற்றச் சொல்லுச்சு, பட்டனைக் கழட்ட நேரமில்லை, பெட்டியோட இருக்கிற கத்தரியால கிழிச்சேன். ஒட்டச் சொல்லுச்சு, ஒட்டினேன். ஒண்ணு வலது பக்கம் மேல, ஒண்ணு இடது விலாவுல. 'யாரும் நோயாளியைத் தொடாதீர்கள்'னு சொல்லுச்சு. அந்த நேரம் பார்த்து, வண்டிக்குள்ள இருந்த இந்தப் பேச்சித்தாய் இறங்கி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கிட்டா. தொட்டா அவளுக்கும் கரண்டு பாயும். சொல்லிப் பார்த்தேன், கேட்கலை. தள்ளினேன். போயி தார் ரோட்டு மேல விழுந்தா. வளையல் உடைஞ்சு கையில ரத்தம். அந்த நேரத்துல மெல்லத் தள்ளுறது வேகமாத் தள்ளுறதுனு பார்க்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

சுத்தி நின்னவங்களைப் பார்த்து, எவனாவது தொட்டீங்க தொலைச்சிருவேன்னு கத்தினேன். பெட்டி சொன்னதைத்தான் சொன்னேன். பெட்டி தன்மையாச் சொல்லுச்சு, நான் என் மாதிரி சொன்னேன். அப்புறம் பொத்தானை அமுக்கினேன். மாசானம் உடம்பு தரையை விட்டு எழும்பி விழுந்துச்சு.

அப்பத்தான் அந்தம்மா அந்தச் சத்தம் போட்டா. "கரண்டு வச்சுக் கொல்லுறானே, யாராவது கேளுங்களேன்"னு.

கூட்டத்துல ஒருத்தன் நான் சட்டையைக் கிழிச்சதுல இருந்துதான் படம் பிடிச்சிருக்கான். செல்போன்ல. பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? காக்கிச் சட்டைக்காரன் ஒருத்தனைப் படுக்கப் போட்டு, சட்டையைக் கிழிச்சு, வயரைச் சொருகி, பொத்தானை அமுக்குறான். அவன் துடிக்கிறான். அப்புறம் போலீஸ்காரன் நெஞ்சு மேல ரெண்டு கையும் வச்சு, குத்து குத்துனு குத்துறான். பொம்பளை ரத்தக் கையோட அழுறா. பெட்டி பேசுறது அதுல கேட்காது. பொம்பளை கத்துறதுதான் கேட்கும்.

அமுக்கும்போது விலா எலும்பு ஒண்ணு போச்சு. என் உள்ளங்கைக்கே தெரிஞ்சுது. பயிற்சியிலயே சொன்னாங்க, எலும்பு போனாலும் நிறுத்தக் கூடாதுனு. நான் நிறுத்தலை. வேர்வை அவன் முகத்துல சொட்டுது. வா, வாடா, வானு சொல்லிக்கிட்டே அமுக்கினேன். யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வந்துட்டான் சார்.

இருமினான். மூச்சு வந்துது. கண்ணைத் திறந்தான். முதல்ல பார்த்தது என்னைத்தான். அது ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனா பார்த்தான். கையைத் தூக்கினான். என்னைக் கும்பிட வந்திருக்கான், உடம்புல தெம்பு இல்லை, கை பாதியிலயே, முகத்துக்குக் குறுக்கேயே நின்னுடுச்சு. இப்படி. பார்த்தீங்களா, இப்படி. நான் அந்தக் கையைப் பிடிச்சு இறக்கி, நெஞ்சு மேல வச்சேன். படுடா, ஒண்ணும் இல்லைனேன்.

அதை எவனும் படம் பிடிக்கலை. அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்து மறைச்சிருச்சு.

அந்த முன் சீட்டு காலியாச்சுதான், ஆனா அங்க வெயில் அடிக்கும் சார். இங்கேயே உட்காருங்க. இன்னும் கொஞ்ச தூரம்தானே.

சாயங்காலத்துக்குள்ள படம் ஊரெல்லாம் போயிடுச்சு. மறியல், கல்லு, எல்லாம். அவன் ஆஸ்பத்திரியில இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், இங்க அவன் செத்துட்டான்னு போஸ்டர் அடிக்கிறாங்க. என்னை ஆயுதப்படைக்கு மாத்தினாங்க. பெட்டியை வண்டியில இருந்து இறக்கி, பிடிச்ச சாராயக் கேன் போட்டு வைக்கிற ரூம்ல போட்டாங்க. டீக்கடைக்குப் போனா பெஞ்சு காலியாயிடுது. முன்னாலயும் அப்படித்தான், ஆனா அப்ப மரியாதையா எழுந்திருப்பாங்க. இப்ப டீக்கடைக்காரன், "ஏட்டையா, இது கரண்டு அடுப்புல போட்ட டீ, பரவாயில்லையா"னு கேட்கிறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய.

அப்புறம் அந்தம்மா பேர்ல ஒரு புகார். யாரோ வக்கீல் எழுதிக் கொடுத்தது. போலீஸ் அடிச்சதாலதான் விழுந்தாராம். அடிக்கிறதுனா என்னனு எனக்குத் தெரியாதா சார்? தோள்ல கை வச்சுத்தான் பேசினேன். சரி, பின்கழுத்துல ஒரு தட்டு தட்டினேன். கூப்பிட்டாத் திரும்பாதவனை வேற எப்படிக் கூப்பிடுறது? அந்தத் தட்டுக்கு ஒரு ஈகூட விழாது. அது ஒரு விஷயமே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவா எழுதிட்டார், ரத்தக்குழாய் அடைப்பு, அந்த நேரத்துல கரண்டு கொடுக்கலைனா ஆள் இல்லைனு. இன்ஸ்பெக்டர் அப்பவே சொன்னார், "டாக்டர் காகிதம் போதும்யா, உனக்கு ஒண்ணும் ஆகாது"னு. வேலை போயிடும்னு நான் பயப்படலை. சத்தியமா இல்லை. எனக்கு வேண்டியது வேற. அவன் வாயால சொல்லணும். என் உசிரை ஏட்டையாதான் மீட்டுக் கொடுத்தார்னு, நாலு பேர் இருக்கிற இடத்துல ஒரு வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

அதுக்காகத்தான் போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். மஃப்டியிலதான். சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். தெருவுல நான் நுழைஞ்சதும் கதவெல்லாம் சாத்திக்கிட்டாங்க. நல்ல வெயில். அவன் கயித்துக் கட்டில்ல படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டான். ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆளு சார். நான் கட்டில்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினேன், பெட்டியைப் பத்தி, பயிற்சியைப் பத்தி, அவன் உடம்பு எழும்பி விழுந்ததைப் பத்தி எல்லாம். அவனுக்கு அதெல்லாம் தெரியாதுல்ல, அவன்தான் அங்க இல்லையே. நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் உட்காரவே இல்லை. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். மூச்சு வாங்குது, அப்பவும் உட்காரலை. பேச்சித்தாய் வாசல்படியில நின்னுக்கிட்டு, "அவரை உட்காரச் சொல்லுங்கய்யா"ன்னா. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? அவனா நிக்கிறான்.

தழும்பைக் காட்டுனு கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். அப்புறம் ஒவ்வொரு பட்டனாக் கழட்டினான். ரெண்டு சதுரம், செவந்து, ஓரம் கறுத்து. வலது பக்கம் மேல, இடது விலாவுல. ரொம்பச் சரியான இடம். பயிற்சியில கொடுத்த படத்துல இருக்கிற மாதிரியே. நடுவுல கையை வச்சுப் பார்த்தேன். சார், அந்த நெஞ்சு என்னமா ஓடுது தெரியுமா. தடதடதடனு, குதிரை மாதிரி. நின்னுபோன நெஞ்சு அது. நான் வச்ச கையை எடுக்கவே இல்லை. இவ்வளவு பலமா அடிக்குதே, இனி உனக்குக் கவலையே இல்லைடானேன். அவன் சுவத்தைப் பார்த்துக்கிட்டு, "சரிங்கய்யா"ன்னான்.

கிளம்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். "சப் கலெக்டர் அம்மா கூப்பிட்டுக் கேட்பாங்க. நடந்ததைச் சொல்லு. நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் எங்கேயும் போயிடலை, இந்த ஊர்லதான் இருப்பேன். நீயும் இந்த ரோட்டுலதான் வண்டி ஓட்டணும். நாம ஒருத்தருக்கொருத்தர் வேணும்"னேன். நான் யார்கிட்டயும் அவ்வளவு மனசு விட்டுப் பேசினதில்லை. "சரிங்கய்யா"ன்னான். சாத்துக்குடியைப் பேச்சித்தாய் கையில வாங்கலை, வாசல் திண்டுல வைக்கச் சொன்னா. தீட்டோ என்னமோ.

இன்னைக்குக் காலையில விசாரணை. சப் கலெக்டர் அம்மா சின்ன வயசு, ஆனா நல்லவங்க. அவனுக்கு நாற்காலி போடச் சொன்னாங்க. நான் கதவுகிட்ட நின்னேன்.

"பயப்படாமச் சொல்லுங்க மாசானம். நீங்க விழுறதுக்கு முன்னாடி இவர் உங்களை அடிச்சாரா?"ன்னு கேட்டாங்க.

"ஞாபகம் இல்லைங்கம்மா."

"உங்க மனைவி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அவளுக்குப் பதட்டம்மா. அவ சரியாப் பார்த்திருக்க மாட்டா."

பேச்சித்தாய் அவன் கையைப் பிடிச்சு இழுத்தா. "வீட்டுல சொன்னீங்கள்ல? காலரைப் பிடிச்சு இழுத்து இறக்கினது, காதோட சேர்த்து அறைஞ்சது, எல்லாம் சொன்னீங்கள்ல? அம்மாகிட்ட சொல்லுங்க."

"சும்மா இரு பேச்சி. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை."

எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு சார். பாருங்க, அவன் விட்டுக் கொடுக்கலை. அடுத்த கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

அம்மா கேட்டாங்க. "சரி. விழுந்த பிறகு உங்களைக் காப்பாத்தினது யாருனு தெரியுமா?"

"ஞாபகம் இல்லைங்கம்மா."

"கண் முழிச்சப்போ யாரைப் பார்த்தீங்க?"

அவன் மேஜை விரிப்பையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம், "யாரையும் பார்க்கலைங்கம்மா. ஆஸ்பத்திரியிலதான் முழிச்சேன்"னான்.

என்னால தாங்க முடியலை. ரெண்டு அடி முன்னால போயிட்டேன். "அம்மா, அவன் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். கையைத் தூக்கினான். இப்படித் தூக்கினான், கேளுங்க"னு கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் நாற்காலியோட பின்னால சாய்ஞ்சான். நாற்காலி கீச்சுனு சத்தம் போட்டுது.

"நீங்க பேசாதீங்க"ன்னாங்க அம்மா. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "உங்களுக்குச் சாதகமாத்தானே ஏட்டு அவர் சொல்றார்? உங்களுக்கு என்ன குறை?"

ஒண்ணும் இல்லைங்கம்மானு சொன்னேன்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் முதுகுல தட்டினார். "தப்பிச்சேய்யா. கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுக்கோ. அடுத்த மாசம் ரோந்துக்கே வந்துடலாம்"னார். பெட்டி என்னாச்சுனு கேட்டேன். அதை வேற ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டோம், நமக்கு எதுக்கு வம்புன்னார். ஜெயசிங் ஜீப்புல வரச் சொன்னான். நான் பஸ்ஸுல போறேன்னுட்டேன். பஸ் ஸ்டாண்டுல இவங்க நிக்கிறதைப் பார்த்தேன். இதே பஸ்தான் எனக்கும். இதுல வராம வேற எதுல வர்றது?

ஞாபகம் இல்லைனு சொல்றான் பாருங்க சார். அது எப்படி மறக்கும்? நானே மறக்கலை. அவன் கை அங்க நின்ன மாதிரி, விரல் அஞ்சும் விரிஞ்சு, நகத்துல வாழைக்கறை. எனக்கு வேற ஒருத்தரும் இல்லைனு நான் சொல்லலை. ஒரு ஆளைச் சாவுல இருந்து இழுத்துக்கிட்டு வந்தா, அந்த ஆளுக்கும் நமக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கும்ல? இருக்காதா? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, அதான் கேட்கிறேன்.

நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க. பரவாயில்லை.

மேலவயல் விலக்கு வருது, அவங்க ஊருக்கு ரோடு பிரியற இடம். அவங்க அங்கதான் இறங்கணும். எழுந்துட்டாங்க பாருங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், இன்னொரு கை விலாவுல இருக்கு. இந்த டிரைவர் விலக்குல முழுசா நிறுத்த மாட்டான். உருட்டிக்கிட்டேதான் இறக்குவான், எல்லாரும் குதிச்சுப் பழகிட்டாங்க. கண்டக்டர் அங்க சில்லறை எண்ணிக்கிட்டு நிக்கிறார்.

சார், கொஞ்சம் அந்தப் பக்கம் சாயுங்க. உங்க தலைக்கு மேல போகுதே, அந்த மணிக் கயிறு.

ம். ஒரே இழுப்பு, நின்னுடுச்சு.

இறங்கட்டும். மெல்ல இறங்கட்டும். அந்தம்மா முதல்ல இறங்கிக் கையைக் கொடுக்குது. படி உயரம். ஒரு கால் வச்சுட்டான். இன்னொண்ணு.

சரி. ரெண்டு தரம் இழுத்தாத்தான் கிளம்புவான்.